கொழும்பு – புத்தளம் வாய்க்கால் எப்படி எழுந்தது, ஏன் ஓய்ந்தது?

கொழும்பிலிருந்து புத்தளம்வரை ஒரு காலத்தில் சரக்குப் படகுகள் ஓடியது உண்மையா, அந்த வாய்க்காலை வெட்டியவர்கள் ஒல்லாந்தர்தாமா, ரயில் வந்ததனால்தான் அது அழிந்துபோனதா என்று மூன்று கேள்விகள் சேர்த்துக் கேட்கப்பட்டிருக்கின்றன. படகுகள் ஓடியது உண்மை. ஒல்லாந்தர் வெட்டினார்கள் என்பது பாதி உண்மை. ரயிலே அழித்தது என்பது நம்மிடையே பரவலாகச் சொல்லப்படும் விளக்கமாயினும், காலவரிசையை வைத்துப் பார்த்தால் அது பொருந்தவில்லை. ரயில் புத்தளத்தை அடைவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்த நீர்வழியின் அடித்தளம் ஆட்டங்காணத் தொடங்கிவிட்டது என்பதே என் கருத்து. அதை விளக்குவதற்கு முதலில் இது எத்தகைய வாய்க்கால் என்பதைச் சொல்லவேண்டும்.

வாய்க்கால் என்றதும், ஓரிடத்தில் தொடங்கி இன்னோரிடம்வரை ஒரே சீராக வெட்டப்பட்ட நீர்ப்பாதை ஒன்றையே நாம் மனத்திற் கொள்கிறோம். கொழும்பு – புத்தளம் நீர்வழி அவ்வாறானதன்று. இலங்கையின் மேற்குக் கரையில், கடலுக்கு மிக அருகே, களப்புகளும் (கடலோடு தொடர்புள்ள ஆழங்குறைந்த நீர்ப்பரப்புகள்) சதுப்பு நிலங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன. களனி ஆற்றுக்கு வடக்கே முத்துராஜவெல சதுப்பு நிலம், அதன் தொடர்ச்சியாக நீர்கொழும்புக் களப்பு, பின்னர் சிலாபம் களப்பு, உடப்பைத் தாண்டி முந்தல் களப்பு, இறுதியில் கற்பிட்டிக் குடாநாட்டின் அணைப்பில் விரிந்துகிடக்கும் புத்தளம் களப்பு. இவற்றுக்கு இடையிலுள்ள நிலத்துண்டுகளை வெட்டி இணைத்துவிட்டால், திறந்த கடலுக்குள் இறங்காமலே வடமேற்குக் கரையின் விளைபொருள்களைக் கொழும்புக்குக் கொண்டுவந்துவிடலாம். மனிதர் வெட்டிய பகுதி, இயற்கை தந்த பகுதிகளைத் தைத்த நூல்தான். இந்த அமைப்பே அதன் வலிமை. பின்னாளில் அதன் பலவீனமும் இதிலிருந்தே பிறந்தது.

இந்த எண்ணம் ஐரோப்பியர் கொண்டுவந்ததும் அன்று. 15 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோட்டை இராச்சியத்தை ஆண்ட எட்டாம் வீர பராக்கிரமபாகு, உட்கிராமங்களைக் கொழும்புடனும் நீர்கொழும்புக் களப்புடனும் இணைக்கும் வாய்க்கால்களை அமைத்ததாகவும், பாக்கு, மிளகு, ஏலம், கறுவா முதலிய பொருள்கள் அவற்றின் வழியே துறைமுகத்துக்குச் சென்றதாகவும் மரபு கூறுகிறது. போர்த்துக்கேயரும் களனி ஆற்றையும் நீர்கொழும்பையும் இணைக்கும் வேலையில் கைவைத்தார்கள். ஒல்லாந்தர் 1644 இல் நீர்கொழும்பை நிலையாகக் கைப்பற்றி, 1656 இல் கொழும்பையும் பிடித்தபோது, அவர்கள் கைக்கு வந்தது ஏற்கெனவே பாதி வரையப்பட்ட ஒரு படம். அதை நிறைவுசெய்து, வடக்கே புத்தளம்வரையும் தெற்கே களுத்துறைவரையும் நீட்டியவர்கள் என்ற அளவில் ‘ஒல்லாந்தர் வாய்க்கால்’ என்ற பெயருக்கு அவர்கள் உரியவர்களே.

ஏன் இவ்வளவு பாடுபட்டார்கள்? தாழ்நிலத்திலிருந்து வந்தவர்களுக்கு வாய்க்கால் வெட்டுவது பழகிய கலை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. உண்மையான காரணங்கள் கணக்குப் புத்தகத்தில் இருந்தன. முதலாவது, கறுவா. கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் உலகின் மிகச்சிறந்த கறுவா விளைந்த நிலம்; ஒல்லாந்தர் ஆட்சியை நடத்திய கிழக்கிந்தியக் கம்பனியின் இலங்கை வருமானத்துக்கு அதுவே முதுகெலும்பு. இரண்டாவது, உப்பு. புத்தளத்து உப்பளங்களின் உப்பு தாழ்நாட்டுக்கு மட்டுமன்றிக் கண்டி இராச்சியத்துக்கும் இன்றியமையாததாக இருந்தது. உப்பின் போக்குவரத்தைக் கையில் வைத்திருப்பவர் கண்டியின் கழுத்தில் ஒரு விரலை வைத்திருப்பதற்குச் சமம். 1667 க்கும் 1676 க்கும் இடையில் கற்பிட்டியில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை, புத்தளம் களப்பின் வாயிலைக் காவல்செய்யவே எழுந்தது. பின்னர் கண்டியுடன் நடந்த போரின் முடிவில், 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி தீவின் கரையோரம் முழுவதும் கம்பனியின் ஆளுகைக்குள் வந்தபோது, சிலாபத்தையும் புத்தளத்தையும் தடையின்றிக் கொழும்புடன் பிணைப்பதற்கு அரசியல் முட்டுக்கட்டை எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

மூன்றாவது காரணம் காற்று. மே மாதம் முதல் செப்தெம்பர்வரை தென்மேல் பருவக்காற்று வீசும் காலத்தில் மேற்குக் கரைக் கடல் சிறு தோணிகளுக்கு உகந்ததன்று. கொழும்புக்கு அப்போது அலைதாங்கி எதுவும் இருக்கவில்லை. இன்று நாம் காணும் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கி 1875 இல் தொடங்கி 1885 இல்தான் முடிந்தது. ஆகவே ஆண்டில் ஏறக்குறைய பாதிக் காலம் கடல்வழி ஐயத்துக்குரியதாக இருந்த ஒரு கரையில், களப்புகளினூடே செல்லும் அமைதியான நீர்வழி ஒன்றின் பெறுமதியை அந்தக் காலத்து வணிகர் நன்கு உணர்ந்திருந்தனர்.

ஆனால் இதை வெட்டிய கைகள் யாருடையவை என்பதைச் சொல்லாமல் கம்பனியைப் புகழ்ந்துவிட்டுப் போவது முறையன்று. நிலம் வைத்திருப்பவர் அரசுக்கு உடலுழைப்புத் தரவேண்டும் என்ற இராஜகாரிய முறையைச் சிங்கள மன்னர்களிடமிருந்து ஒல்லாந்தர் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கூலி இல்லாத, அல்லது கூலி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத உழைப்பு அது. இந்த முறைக்குள் வராத, முஸ்லிம்களான சோனகர்மீதும் செட்டிகள்மீதும் ‘ஊழியம்’ என்ற பெயரில் தனியான கட்டாய உழைப்பு சுமத்தப்பட்டது. வெட்டுவதைவிட முக்கியமானது தூர்வாருவது. அது ஆண்டுதோறும் முடியாத வேலை. மழை பெய்து மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் பெருக்கெடுக்கும்போதெல்லாம், அவற்றைக் குறுக்கே கடக்கும் வாய்க்காலின் இரு வாயிலும் மணலும் சேறும் வந்து அடைத்துக்கொள்ளும். கோடையில் களப்பு முகத்துவாரங்களில் மணற்றிட்டு எழும்பி நீர்மட்டத்தையே மாற்றிவிடும். கேட்ட நேரத்தில் ஆளைத் திரட்டக்கூடிய அரசு இருந்தவரைக்கும் இது பெரிய சிக்கலாகத் தோன்றவில்லை.

1796 இல் ஆங்கிலேயர் வந்தனர். அவர்கள் செய்த முதற்பெரும் வேலை, இன்று ஹமில்டன் வாய்க்கால் என்று அறியப்படும் பகுதி. முத்துராஜவெல ஒரு காலத்தில் நல்ல நெல் விளைந்த வயலாக இருந்ததென்றும், பழைய வாய்க்கால் அதனூடே வெட்டப்பட்ட பின்னர் கடல்நீர் உட்புகுந்து நிலம் உவராகிவிட்டதென்றும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஒல்லாந்தர் அணைகளும் மதகுகளும் அமைத்து அதை மீட்க முயன்று தோற்றனர். உவர்நீரை வடித்துவிட்டு நெல்லை மீட்கலாம் என்ற நம்பிக்கையோடு, 1802 இல் தொடங்கி 1804 இல் முடிக்கப்பட்டதே இந்தப் புதிய வாய்க்கால். வருமானத்துக்கும் வணிகத்துக்கும் பொறுப்பான அதிகாரியாக இருந்த கவின் ஹமில்டனின் பெயரை அது தாங்கி நிற்கிறது. களனி ஆற்றின் முகத்துக்கு அருகே புறப்பட்டு, ஹெந்தளை, உஸ்வெட்டகெய்யாவ, பமுனுகம ஊடாகக் கடற்கரைக்கு இணையாக ஏறத்தாழ 14.5 கிலோமீற்றர் ஓடி நீர்கொழும்புக் களப்பில் சேர்கிறது. நெல் மீளவில்லை. வேளாண்மைத் திட்டமாகத் தோற்ற அந்த வாய்க்கால், போக்குவரத்துப் பாதையாக மட்டும் நூறாண்டுக்கு மேல் நன்றாகவே உழைத்தது.

அதில் ஓடியவை பெரிய மரக்கலங்கள் அல்ல. தட்டையான அடிப்பகுதியும், தென்னோலையால் வேய்ந்த வளைந்த கூரையும் கொண்ட பாதைப் படகுகள். முழங்காலளவு நீர் இருந்தாலே நகரக்கூடியவை. ஒடுங்கிய இடங்களில் நீண்ட மரக்கோலை ஊன்றித் தள்ளிச் செல்வார்கள். களப்பு விரியும் இடத்தில் காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். புத்தளத்திலிருந்து உப்பும் கருவாடும், சிலாபம், மாரவில் பக்கத்திலிருந்து கொப்பறாவும் தும்பும் தேங்காயெண்ணெயும், நீர்கொழும்பிலிருந்து கறுவாவும் பாக்கும் வந்தன. திரும்பும் படகில் அரிசியும் துணியும் ஏறின. தென்னிந்தியத் தோணிகளில் கொழும்புக்கு வந்திறங்கிய அரிசி, அங்கிருந்து உள்நாட்டுக்குப் பரவிய வழிகளில் இதுவும் ஒன்று. கற்பிட்டி, புத்தளம், உடப்பு, சிலாபம், நீர்கொழும்பு என்று இந்த நீர்வழியின் கரையிலிருந்த ஊர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், தமிழ் பேசிய சோனகரும் இந்துக்களும் கத்தோலிக்கரும் தொன்றுதொட்டு வாழ்ந்த ஊர்களாகவே அவை அமைகின்றன. கொழும்பு வரலாற்றை எழுதுவோர் யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலேறி வந்த தமிழரைப்பற்றி நிறையச் சொல்கிறார்கள். இந்த மேற்குக் கரைத் தமிழை ஏனோ கடந்துபோய்விடுகிறார்கள்.

நகருக்குள் வந்தபின் படகு சென்ற பாதையை இன்றும் தேடிப் பார்க்கலாம். ஹமில்டன் வாய்க்காலிலிருந்து களனி ஆற்றில் நுழைந்த படகு, சிறிது தூரம் ஆற்றில் மேலேறி, நாகலகம் வீதியருகே சென் செபஸ்தியான் வாய்க்காலுக்குள் திரும்பும். வெள்ள காலத்தில் வானொலியில் களனி ஆற்றின் நீர்மட்டம் சொல்லும்போது நாம் கேட்கும் அதே நாகலகம் வீதிதான் அது. அங்கிருந்து கிராண்ட்பாஸ், பஞ்சிகாவத்தை, மருதானைப் பகுதிகளின் பின்புறமாக வந்து, நீர்ப்பூட்டு ஒன்றின்மூலம் பேரே வாவிக்குள் ஏறும். வாவியின் நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட உயரமானது என்பதால் பூட்டு இன்றியமையாதது: படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, நீரை நிரப்பி, மட்டம் சமமானதும் முன்கதவைத் திறப்பார்கள். நகரின் தெற்கே கிருலப்பனை, வெள்ளவத்தை, தெஹிவளை வாய்க்கால்களும், அப்பால் பொல்கொட ஏரியும் பாணந்துறையும் களுத்துறையும் இதே வலைப்பின்னலின் கிளைகள். நம்மில் பலர் நாள்தோறும் பாலத்தில் கடக்கும் வெள்ளவத்தை வாய்க்காலை, மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கவேண்டிய ஒன்றாக மட்டுமே அறிந்திருக்கிறோம்.

பேரே வாவிக்கு 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு வாழ்வு கிடைத்தது. அலைதாங்கிகள் கட்டப்பட்டு நீராவிக் கப்பல்கள் பெருகியபின்னும், அவை துறைமுகத்தின் நடுவே நங்கூரமிட்டன. கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கை ஏற்றி இறக்கியவை தட்டைப் படகுகள். தேயிலைக் களஞ்சியங்கள் வாவிக்கரையில் நின்றன. ஆளுநர் மெக்கலத்தின் பெயரால் அறியப்படும் நீர்ப்பூட்டு வாவியைத் துறைமுகத்துடன் இணைத்ததும், களஞ்சிய வாசலில் ஏற்றிய தேயிலைப் பெட்டி வண்டியைக் காணாமலே கப்பலின் பக்கவாட்டை அடைய முடிந்தது. ஆக, நாட்டின் ஒரு பகுதியில் ரயில் முழுவீச்சில் ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கொழும்பின் நடுவே வாய்க்காற் போக்குவரத்துக்குப் புதிய முதலீடு செய்யப்பட்டது. ரயில் வந்தது, வாய்க்கால் செத்தது என்ற சுருக்கமான கதைக்குள் இது அடங்கவில்லை.

இனி, தளர்ச்சி. 1832 இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. 1833 இல் கறுவா மீதான அரசின் தனியுரிமை நீங்கியது. இரண்டும், இலங்கை நிர்வாகத்தை ஆராய ஆங்கில அரசு அனுப்பிய கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைகளை ஒட்டி வந்தவை. இரண்டும் நல்லவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்த நீர்வழியின் கண்கொண்டு பார்த்தால், ஓராண்டு இடைவெளியில் அதன் இலவச உழைப்பும் அதன் முதன்மைச் சரக்கின் சிறப்புரிமையும் ஒன்றாகப் பறிபோயின. அன்றிலிருந்து ஒவ்வொரு கூடைச் சேற்றுக்கும் கூலி கொடுக்கவேண்டியிருந்தது. வீதிகள், பாலங்கள், ஓடத்துறைகளைப்போலவே வாய்க்கால்களிலும் ஆயம், அதாவது கடந்து செல்வதற்கான கட்டணம், அறவிடப்பட்டது. அந்த வருமானம் தூர்வாரும் செலவைத் தாங்கும்வரையே வாய்க்கால் உயிரோடிருக்கும் என்ற நிலை உருவாயிற்று.

அரசின் கவனமும் திசைமாறியது. ஆளுநர் பான்ஸ் காலத்தில் கண்டி வீதி அமைக்கப்பட்டது. 1822 இல் களனி ஆற்றின் குறுக்கே படகுகளை வரிசையாகக் கட்டிய மிதவைப்பாலம் வந்தது. 1895 இல் அதன் இடத்தை விக்டோரியா இரும்புப்பாலம் பிடித்தது. கோப்பியும் பின்னர் தேயிலையும் மலைநாட்டிலிருந்து வந்தன. மலைநாட்டுக்கு வாய்க்கால் வெட்ட முடியாது. 1867 இல் ரயில் கண்டியை எட்டியபோது அது அழித்தது மாட்டுவண்டித் தொழிலையே தவிர, கரையோர நீர்வழியை அல்ல. இரண்டும் வெவ்வேறு திசைகளிற் சென்றவை. உண்மையில் நடந்தது என்னவென்றால், நாட்டின் செல்வம் எங்கே விளைகிறது என்பதே மாறிவிட்டது. கரையோரம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. கரையோரத்தின் நீர்வழியும் அதனுடன் பின்தங்கியது.

ரயில் உண்மையாகவே இந்த நீர்வழியோடு போட்டியிட்டது மிகவும் பிந்தித்தான். தெற்கே 1877 இல் பாணந்துறைக்கு ரயில் சென்றது. களுத்துறைப் பக்கத்து வாய்க்கால் முதலில் அடிபட்டது. வடக்கே 1909 இல் நீர்கொழும்பு, 1916 இல் சிலாபம், 1926 இல் புத்தளம். அதற்குள் லொறிகளும் வந்துவிட்டன. உப்பையும் கொப்பறாவையும் நாட்கணக்கில் கோலூன்றிக் கொண்டுவரவேண்டிய தேவை நீங்கிற்று. அதன்பின்னும் விறகு, மணல், செங்கல், ஓடு போன்ற, காலத்தாமதம் பொருட்டில்லாத பாரச்சரக்குகள் சில பத்தாண்டுகள் படகிலேயே வந்தன. 1950களில் துறைமுகத்தில் கப்பல்கள் நேரடியாக அணையும் ஆழ்நீர் மேடைகள் கட்டப்பட்டதும், பேரே வாவிப் படகுகளுக்கும் வேலை குறைந்தது. இவ்வாறு மூன்று தனித்தனிச் சாவுகள், மூன்று வெவ்வேறு காலங்களில்.

வணிகம் போனபின் நடந்ததுதான் பெரும்பாலும் சொல்லப்படாத பகுதி. படகு ஓடவேண்டும் என்பதற்காகவே தூர்வாரினார்கள்; தூர்வாரியதால் மழைநீரும் வடிந்தது. படகு நின்றதும், வடிகாலுக்காக மட்டும் அதே செலவைச் செய்வதற்கு நெடுங்காலம் எவரும் முன்வரவில்லை. கொழும்பைச் சுற்றியிருந்த தாழ்நிலங்களை நிரப்புவதற்கென்று 1968 இல் தனிச் சபை ஒன்று சட்டத்தின்மூலம் அமைக்கப்பட்டது. இன்றைய காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் முன்னோடி அதுவே. வாய்க்காற் கரைகளில் வீடற்றவர்கள் குடிசை அமைத்தார்கள். அவர்களை மட்டும் குறைசொல்வது எளிது, ஆனால் சதுப்பை நிரப்பி எழுந்த பெரிய கட்டிடங்கள் அடைத்த நீரின் அளவு அந்தக் குடிசைகள் அடைத்ததைவிட மிக அதிகம். 2010 நவெம்பரில் ஒரே இரவில் கொட்டிய மழையில் நகரம் மூழ்கி, பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அதற்குப் பின்னர்தான், 2012 இல் உலக வங்கியின் 213 மில்லியன் டொலர் கடனுடன் தொடங்கிய பெருநகரத் திட்டத்தின்கீழ் பழைய வாய்க்கால்கள் மீண்டும் அகழப்பட்டுக் கரைகள் கட்டப்பட்டன. எஞ்சிய ஈரநிலங்களைக் காக்க வேண்டும் என்ற எண்ணமும் வலுப்பெற்று, 2018 இல் ஈரநிலப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையாகிய ராம்சாரின்கீழ் கொழும்பு ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. நிரப்புவதற்கென்று பிறந்த நிறுவனமே இன்று ஈரநிலத்தைக் காக்கும் பொறுப்பையும் சுமப்பது, நமது நிர்வாக வரலாற்றின் சிறு வேடிக்கை.

வடக்கே நிலைமை வேறு. சிலாபத்துக்கும் முந்தலுக்கும் இடையில் 1980களில் இறால் பண்ணைகள் பெருகின. பண்ணைகளுக்கு உவர்நீர் வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் ஒல்லாந்தர் வாய்க்கால் கிடந்தது. ஒரு பண்ணை அதிலிருந்து நீரை இறைத்தது. கழிவுநீரையும் அதிலேயே விட்டது. அடுத்த பண்ணை அந்த நீரையே இறைத்தது. பழைய நீரோட்டம் இல்லாத, தூர்ந்துபோன ஒரு வாய்க்காலில் இது எங்கே முடியும் என்பது ஊகிக்கக்கூடியதே. 1996 இல் வெண்புள்ளி நோய் தாக்கியபோது அது பண்ணையிலிருந்து பண்ணைக்கு வாய்க்கால் வழியே பரவிற்று. பலர் போட்ட முதலீட்டை இழந்து குளங்களைக் கைவிட்டனர். பின்னர் பகுதி பகுதியாக, குறித்த மாதங்களில் மட்டும் குஞ்சு விடவேண்டும் என்ற நாட்காட்டி முறை கொண்டுவரப்பட்டது. ஊர்களைச் சரக்கால் இணைத்த வாய்க்கால் நோயாலும் இணைத்தது என்று சொல்லலாம்; ஆயினும் குற்றம் வாய்க்காலுடையதன்று, ஒரே குழாயைக் குடிநீருக்கும் கழிவுக்கும் பயன்படுத்திய திட்டமின்மையுடையது.

முத்துராஜவெலயின் வடபகுதி 1996 இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. சதுப்பும் களப்பும் சேர்ந்து 6,000 ஹெக்டெயருக்கு மேற்பட்ட அந்த ஈரநிலத்தில், ஹமில்டன் வாய்க்கால் இன்றும் நீர்கொண்டு ஓடுகிறது. மீனவர் படகுகள் இருபுறமும் கட்டப்பட்டிருக்கின்றன. கரை திருத்தப்பட்டுச் சுற்றுலாப் படகுகளும் செல்கின்றன.

மீண்டும் பயணிகள் படகோ சரக்குப் படகோ ஓட முடியுமா என்று நான்காவதாக ஒரு கேள்வியும் இறுதியில் சேர்க்கப்பட்டிருந்தது. கொழும்பு நகருக்குள், குறுகிய தூரங்களுக்கு, முடியும் என்றே நினைக்கிறேன். நெரிசல் நேரத்தில் வெள்ளவத்தையிலிருந்து பத்தரமுல்லைக்குப் பேருந்தில் போய்வருபவர் எவரும் இதை மறுக்கமாட்டார். அதற்கு முன்னர் இரண்டு தடைகளைத் தீர்க்கவேண்டும். நீர்வழி கைவிடப்பட்டபின் கட்டப்பட்ட பாலங்கள் பல, கூரையுள்ள படகு நுழைய முடியாத அளவுக்குத் தாழ்வானவை. வெள்ளத்தைத் தடுக்க அமைத்த கதவுகளும் நீரிறைக்கும் நிலையங்களும் படகு கடந்து செல்வதை எண்ணிக் கட்டப்பட்டவையல்ல. புத்தளம்வரையான முழுப் பாதையைப் பொறுத்தவரை, தூர்ந்த பகுதிகளை அகழ்ந்தாலும், மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் ஒவ்வொரு வெள்ளத்திலும் கொண்டுவந்து கொட்டும் மணலை அகற்றும் செலவை ஈடுசெய்யக்கூடிய சரக்கு எதுவும் இன்று அந்தக் கரையில் இல்லை. சிலாபத்திலிருந்து கொழும்புக்கு லொறி சில மணித்தியாலங்களில் வந்துவிடுகிறது.